போலீசார் பறித்த மேளம்!

ஒரு காலத்தில் பிரேசில் நாட்டில் கறுப்பின மக்கள் மேளம் அடித்தால் போலீசார் ஓடி வருவார்கள். இன்று அதே மேளத்தைக் கேட்க உலகமே ஓடி வருகிறது!

இந்த மாற்றம் எப்படி வந்தது? படை திரட்டி வரவில்லை. பாட்டும் சினிமாவும் கொண்டு வந்தன.

அடிமைக் கப்பல்

பிரேசில், தென் அமெரிக்காவின் மிகப்பெரிய நாடு. 300 ஆண்டுகளுக்கு மேல், ஆப்பிரிக்காவில் மக்களைப் பிடித்துக் கப்பலில் அடைத்து, அங்கே கொண்டு போய் விற்றார்கள். அப்படிப் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 48 லட்சம் பேர். கரும்புத் தோட்டத்திலும், தங்கச் சுரங்கத்திலும், காப்பித் தோட்டத்திலும் அவர்களை வாட்டி வதைத்தார்கள்.

1888-ம் ஆண்டு மே மாதம் 13-ந்தேதிதான் அங்கே அடிமை முறை ஒழிந்தது. அமெரிக்கக் கண்டங்களில் கடைசியாக அதை ஒழித்த நாடு பிரேசில்தான்.

அந்த மக்களிடம் காசு இல்லை, நிலம் இல்லை. பாட்டன், பாட்டி சொல்லிக் கொடுத்த தாளமும் ஆட்டமும் இருந்தன. அதையும் விட்டு வைக்கவில்லை!

"கப்போயிரா" என்று ஓர் ஆட்டம். பாதி நடனம், பாதி சண்டை. வில்லில் கம்பி கட்டி, அதில் சுரைக்குடுக்கை பொருத்தி வாசிப்பார்கள். அந்த இசைக்கு ஏற்ப இருவர் காலை வீசி ஆடுவார்கள். 1890-ம் ஆண்டு சட்டத்தில் இது குற்றம் ஆயிற்று. ஆடியவர்கள் சிறைக்குப் போனார்கள்.

சம்பா பிறந்த வீடு

"சம்பா" என்றால் நம் ஊர் நெல் அல்ல. அதுவும் ஓர் ஆட்டம், ஒரு பாட்டு.

ரியோ டி ஜெனீரோ நகரில் சியாத்தா அத்தை என்று ஒரு அம்மாள் இருந்தார். பாகியா மாநிலத்தில் இருந்து பிழைக்க வந்தவர். வெள்ளை உடை உடுத்தித் தெருவில் பலகாரம் விற்றார். அவர் வீட்டில் பாட்டுக்காரர்கள் கூடுவார்கள். அங்கே உருவான ஒரு பாட்டை டோங்கா என்பவர் 1916-ல் பதிவு செய்தார். 1917 திருவிழாவில் ஊரெங்கும் அதே பாட்டுதான்!

அந்தக் காலத்தில் ஜோவாவ் என்ற கலைஞரின் கையில் இருந்த வாத்தியத்தைப் போலீசார் பறித்துக் கொண்டார்கள். அது நம் கஞ்சிராவைப் போன்றது. இதைக் கேள்விப்பட்ட ஒரு செனட்டர், தம் பெயரைப் பொறித்துப் புது வாத்தியம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தாராம். கலைக்குக் காவலாகப் பெரிய மனிதரின் பெயர் தேவைப்பட்டது!

பெயர் ஒருவருக்கு, உழைப்பு ஒருவருக்கு

பிறகு சினிமா வந்தது. கார்மென் மிராண்டா என்ற நடிகை 1939-ல் அமெரிக்கா போனார். தலைப்பாகையில் பழங்களைச் சூடிக் கொண்டு ஆடினார். அமெரிக்காவில் மிக அதிகச் சம்பளம் வாங்கிய நடிகைகளில் ஒருவர் ஆனார்.

அவர் போர்ச்சுக்கல் நாட்டில் பிறந்த வெள்ளைக்காரர். அந்த உடையோ, பாகியாவின் தெருக்களில் கூடை சுமந்த கறுப்பினப் பெண்களின் உடை! பணம் அந்தக் கூடைக்காரிகளுக்குப் போகவில்லை.

1959-ல் "கறுப்பு ஆர்பியஸ்" படம் வந்தது. ரியோவின் குன்றுக் குடிசைகளில் நடக்கும் காதல் கதை. கறுப்பின நடிகர்களே நடித்தார்கள். கேன்ஸ் விழாவின் முதல் பரிசும் ஆஸ்கார் பரிசும் கிடைத்தன. அதன் இசை உலகம் முழுவதும் பரவியது. ஆனால் ஆஸ்கார் பரிசு பிரான்சு நாட்டின் கணக்கில் சேர்ந்தது. படத்தை எடுத்தவர் பிரெஞ்சுக்காரர்!

"எங்கள் பசியைக் காட்டாமல் ஆட்டத்தை மட்டும் காட்டி விட்டார்கள்" என்று பிரேசிலில் பலர் குறைப்பட்டார்கள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஒபாமா, இந்தப் படத்தை இளமையில் தம் தாயாருடன் பார்த்தார். தாயார் மெய்ம்மறந்தார். மகனோ, பாதியிலேயே எழுந்து போக நினைத்தார்!

வெற்றி யாருக்கு?

காலம் மாறியது. 1979-ல் சால்வடார் நகரில் "ஓலோடும்" என்ற மேளக் குழு பிறந்தது. 1996-ல் மைக்கேல் ஜாக்சன் அங்கே போய், அவர்களோடு ஆடிப் படம் எடுத்தார். ரியோவின் குடிசைப் பகுதியிலும் எடுத்தார். நாட்டின் வறுமை வெளியே தெரிந்து விடும் என்று அங்கே அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். முடியவில்லை.

பாடகர் கில்பர்ட்டோ கில், ராணுவ ஆட்சியில் சிறை சென்றவர். நாடு கடந்து வாழ்ந்தவர். அவரே 2003-ல் கலாசார மந்திரி ஆனார். பாகியாவின் சம்பாவை 2005-லும், கப்போயிராவை 2014-லும் ஐ.நா.வின் யுனெஸ்கோ சபை உலகச் செல்வமாக ஏற்றது. குற்றம் என்ற ஆட்டத்துக்கு உலகம் மாலை போட்டது!

மகிழ்ச்சிதான். ஆனால் மாலை போட்டால் மட்டும் போதாது. குன்றுக் குடிசைகளில் இன்றும் வறுமை இருக்கிறது. தாளத்தை ரசிக்கும் உலகம், தாளம் போட்டவன் வீட்டு அடுப்பையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

சினிமாவும் இசையும் கடலைத் தாண்டும் கப்பல்கள். அன்று வந்த கப்பலில் மனிதனை ஏற்றினார்கள். அவன் பெயரை அழித்தார்கள். இன்றைய கப்பலில் அவன் பெயரும் சேர்ந்து ஏற வேண்டும்.

வீட்டில் பிள்ளைகளோடு படம் பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம். தாராளமாகக் கேட்போம். அது யார் வீட்டுப் பாட்டு என்றும் கேட்போம்!