‘மற்றும் குழுவினர்’

காலை நடை முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எங்கள் செட்டில் தினம் ஒரு வழக்கு ஓடும். போன வாரத்து வழக்கு, ஒருவருடைய பேரன் கைபேசியில் போட்டுக் காட்டிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ பாட்டு. நண்பர் தீர்ப்பே எழுதிவிட்டார்: “நாலு பயலுவ சேந்து சத்தம் போடுதானுவ. ஒருத்தனுக்குப் பேரு வந்ததும் தனியாப் போயிருதான். இதெல்லாம் ஒரு குழுவா அண்ணாச்சி?”

அங்கே பதில் சொன்னால் டீ ஆறிவிடும் என்று எழுந்து வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

முதலில், நாலு பேர் இல்லை, 19 பேர். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடையேறினார்கள். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன ‘சாதியற்ற தமிழர்’ என்பதிலிருந்து வந்தது. கிட்டாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், பறையும் சட்டியும் மறு பக்கம். சாவு வீட்டில் பாடிவந்த கானா பெரிய மேடைக்கு வந்தது. பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த கானாவில் இசைவாணி என்ற பெண் பாடினார். 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. சினிமாத் தயவு இல்லாத பாட்டு இவ்வளவு தூரம் போவது நம் ஊரில் லேசுப்பட்ட காரியமா?

அடுத்தது, ஆள் மாறுவது. பீட்டில்ஸ் குழுவே 1962-ல் பழைய டிரம்மரை அனுப்பிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தது. பெரும்புகழ் அதற்குப் பிறகுதான். அவ்வளவு தூரம் எதற்கு? நம் பக்கத்து நையாண்டி மேளத்தில் போன கொடைக்கு வந்த தவில்காரர் இந்தக் கொடைக்கும் வருகிறாரா? ‘செட்டு உடைஞ்சு போச்சு’ என்று யாராவது அழுதோமா?

சரி, ஒருவர் ஏன் தனியாகப் போகிறார்? கூட்டத்தில் நின்றால் அவர் பெயரை நாம் சொல்வதில்லை. அந்தக் குழுவில் பாடிய அறிவையே பாருங்கள். 2019-ல் குழுவுக்கு வெளியே ‘தெருக்குரல்’ என்று ஒரு தொகுப்புக் கொண்டுவந்தார். 2021-ல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யை எழுதியவர் அவர், பாடியவர்களில் ஒருவரும் அவர். ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ பத்திரிகை அந்தப் பாட்டைப் பேசி அட்டைப்படம் போட்டபோது அட்டையில் அவர் இல்லை. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார், ஊரே கேட்டது. அதன் பிறகுதான் அறிவுக்குத் தனி அட்டை வந்தது. பாட்டின் உரிமையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. உலகமே பாடிய பாட்டுக்காரனுக்கே இந்த நிலைமை என்றால், பின்னால் உட்கார்ந்து அடிக்கிறவன் கதி என்ன?

இதில் நானும் குற்றவாளிதான். முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெரு அம்மன் கோவில் கொடைக்கு நோட்டீஸ் எழுதியது இந்தக் கைதான். நாதஸ்வரக்காரர் பெயரைப் போட்டு ‘மற்றும் குழுவினர்’ என்று முடித்துவிட்டேன். நடுராத்திரி டீ குடிக்க மேளம் நின்றபோது, தவில் வாசித்த பெரியவர் நோட்டீசோடு என்னிடம் வந்தார். “எனக்குப் படிக்கத் தெரியாது சார். எம் பேரு எந்த இடத்துல இருக்கு?” நான் ‘குழுவினர்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய் விடியும்வரை அடித்தார். அந்தப் பொய் இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது.

“நோட்டீசில் இடம் கிடையாதே” என்பார்கள் விழாக் கமிட்டியார். நூறு ரூபாய் நன்கொடை கொடுத்தவர் பெயரை இனிஷியலோடு போட இரண்டு பக்கம் இருக்கிறது. ராத்திரி முழுக்கக் கை வீங்க அடித்தவருக்கு ஒரு வரி இல்லையா?

“பேரு போட்டா வயிறு நிறையுமா?” என்றும் கேட்பார்கள். நிறையும். பெயர் தெரிந்தால்தானே அடுத்த ஊர்க்காரர் தேடி வந்து அட்வான்ஸ் கொடுப்பார்? பெயர் இல்லாதவருக்குத் தலைவர் கொடுத்ததுதான் சம்பளம்.

ஆகவே, குழு உடைகிறது என்று இளவட்டங்களைப் பழிக்குமுன் நம் கையைப் பார்ப்போம். ஆடித்தபசுக்கும் கொடைக்கும் நம் ஊரில் மேடை போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். இந்த வருஷம் மேடையேறுகிற ஒவ்வொருவர் பெயரையும் நோட்டீசில் போடுங்கள், மைக்கிலும் சொல்லுங்கள். அதற்கு ஆகிற கூடுதல் அச்சுக்கூலியை நான் தருகிறேன். நன்கொடையாளர் பட்டியலில் மட்டும் என் பெயர் வேண்டாம். அந்த வரியில் ஒரு தவில்காரர் பெயர் இருக்கட்டும்.