பெயரை மறைக்கச் சொன்னது யார்?



மேடவாக்கம் கூட்டு ரோட்டிலிருந்து மாம்பாக்கம் சாலையிலோ சோழிங்கநல்லூர் சாலையிலோ ஒரு நடை போய் வாருங்கள். 'வீடு வாடகைக்கு' என்ற அட்டைக்குப் பஞ்சமில்லை. அதிலுள்ள எண்ணுக்குப் பேசும் நம் இளைஞன் முதலில் என்ன செய்கிறான்? தன் பெயரை விழுங்குகிறான். சலீம் 'செல்வம்' ஆகிறான். வீடு பார்க்கப் போகும் நாளில் தாடியை ஒட்ட வெட்டிக் கொள்கிறான். பர்தா அணிந்த மனைவியை, "நீ பிறகு வா" என்று நிறுத்தி விடுகிறான். வணிகரோ, கடைப் பலகையில் தம் பெயர் தெரிந்தால் வியாபாரம் போய்விடும் என்று பொதுவான ஒரு பெயரை எழுதி வைக்கிறார்.

கேட்டால் ஒரே பதில்: "எதற்கு வம்பு?"

வீடு கொடுக்க மறுப்பவன் செய்வது அநியாயம். அதைச் சட்டத்தின் முன்னும் மக்கள் மன்றத்தின் முன்னும் எதிர்ப்போம். ஆனால் அவன் மறுப்பதற்கு முன்பே நாமே நம்மை மறைத்துக் கொள்கிறோமே, இதை யார் கற்றுக் கொடுத்தார்கள்?

எண்ணிப் பாருங்கள்! நம் பக்கத்தில் இருக்கும் பரங்கிமலையும் பல்லாவரமும் கும்பினிப் படை முகாமிட்டிருந்த ஊர்கள். அந்தச் சென்னைப் படையின் தளபதி ஜான் கிரடாக் ஒரு சட்டம் போட்டார். ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் அதற்கு ஒப்புதல் தந்தார். சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது; காதணி கூடாது; தாடையை மழிக்க வேண்டும்; தோல் வைத்துத் தைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும். முஸ்லிமின் தாடியும் இந்துவின் திருநீறும் ஒரே ஆணையில் அவமதிக்கப்பட்டன. 1806 மே மாதம் வேலூரில் மறுத்து நின்றவர்களில் இருவருக்குத் தலா 900 கசையடி தண்டனை. ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து!

அதே ஆண்டு ஜூலை 10-ல் வேலூர்க் கோட்டை வெடித்தது. திப்பு சுல்தானின் கொடி ஏறியது. மருத்துவமனையில் கிடந்த வெள்ளையரும் அன்று கொல்லப்பட்டனர். நோயாளியைக் கொல்வதை மார்க்கம் ஏற்காது, நாமும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஆற்காட்டிலிருந்து வந்த கில்லஸ்பியின் படை நூற்றுக்கணக்கான சிப்பாய்களைப் பலி கொண்டது. பலரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளியது. இத்தனைக்கும் பிறகு நடந்தது என்ன? அந்த ஆணை கைவிடப்பட்டது. கிரடாக்கும் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். தாடியை மழிக்கச் சொன்னவர்கள்தான் கப்பல் ஏறினார்கள்!

இந்தச் செய்தி நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெள்ளையன் உடலில் மட்டும் அடிக்கவில்லை. பெயர் சூட்டியும் அடித்தான். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மலபாரில், நிலத்தை இழந்து கிளர்ந்த மாப்பிள்ளை விவசாயிகளை 'மதவெறியர்' என்று ஆவணங்களில் எழுதினான். 1854-ல் அவர்களுக்கென்றே தனிச் சட்டம் போட்டான். ஒருவன் செய்ததற்கு ஊர் முழுவதும் அபராதம் கட்ட வேண்டும்! 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம். அது பின்னர் நம் மாகாணத்துக்கும் வந்து, கள்ளர் சமூகத்தார் போன்றோரைக் காவல் நிலையத்தில் கைரேகை வைக்கச் செய்தது. பிறப்பைக் கொண்டே ஒருவனைச் சந்தேகி என்பதுதான் இவற்றின் சாரம்.

1921 நவம்பரில் திரூரிலிருந்து சரக்கு ரயில் பெட்டியில் அடைத்து அனுப்பப்பட்ட கைதிகளில் 60-க்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி மாண்டனர். கதவைத் திறந்த இடம் நம் கோவைக்கு அருகிலுள்ள போத்தனூர். அந்தக் கொடுமையைத் திரூர் ரயில் நிலையச் சுவரில் ஓவியமாகத் தீட்டினார்கள். எதிர்ப்பு எழுந்ததும் 2018-ல் ரயில்வே அதை அழித்து விட்டது. புண்ணை மூடினால் ஆறிவிடுமா? உள்ளே சீழ் வைக்கும்!

வெள்ளையன் போனான், சந்தேகம் போகவில்லை. கோவை வழக்கில் 1998-ல் கைதான அப்துல் நாசர் மஅதனி, குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டது 2007-ல். ஒன்பது ஆண்டுகள்! இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் தாய் என்ன சொல்வாள்? "வெளியே தொப்பியைக் கழற்றி விட்டுப் போ, மகனே" என்கிறாள். அச்சம் இப்படித்தான் சொத்தைப் போலத் தலைமுறை மாறி வருகிறது.

அமெரிக்காவில் ஒரு கறுப்பு இளைஞர், காசியஸ் கிளே என்பது அடிமைப் பெயர் என்று 1964-ல் தூக்கி எறிந்து முஹம்மது அலி ஆனார். 1967-ல் வியட்நாம் போருக்குப் போக மறுத்தார், பட்டத்தைப் பறித்தார்கள். அவர் பெயரை மாற்றிக் கொள்ளவில்லை. எஜமானன் வைத்த பெயரை அவர் வீசினார். பெற்றோர் வைத்த பெயரை நாம் ஒளிக்கிறோம்!

சரி, மருந்து என்ன?

முதலாவது, நினைவைப் பதிவு செய்வோம். கென்யாவில் வெள்ளையரின் முகாம்களில் வதைபட்ட முதியவர்கள் வாய் திறந்து சாட்சி சொன்னார்கள். லண்டன் நீதிமன்றம் வரை போனார்கள். 2013 ஜூனில் பிரிட்டிஷ் அரசு வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்காக 1 கோடியே 99 லட்சம் பவுண்டு தர ஒப்புக் கொண்டது. தனி ஆளாக அழுதது கண்ணீராகவே போயிருக்கும்; கூடிச் சொன்னது வழக்கானது. ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கட்டும். வீடு மறுக்கப்பட்டவர், காரணமின்றி விசாரணைக்கு அழைக்கப்பட்டவர் தேதியோடு எழுதட்டும். வழக்கறிஞர் துணைக்கு வரட்டும். மக்தபில் வேலூர் வரலாறும் பாடமாகட்டும்.

இரண்டாவது, நம் வீட்டைக் கூட்டுவோம். சொல்லக் கசக்கும், சொல்லித்தான் ஆக வேண்டும். பெண் கேட்கும்போது 'சிவப்பாக இருக்க வேண்டும்' என்பது யார் புத்தி? முடிதிருத்தும் குடும்பத்தோடு சம்பந்தம் வைக்கத் தயங்குவது எந்த மார்க்கம்? நம் கடையில் மூட்டை சுமக்கும் பீகார், அசாம் தொழிலாளியை எப்படி அழைக்கிறோம்? நம்மில் வீட்டுக்காரராக இருப்பவர், தலித் குடும்பம் வந்து கேட்டால் என்ன சொல்கிறார்? வெள்ளையன் நம்மை அடித்த அதே பிரம்பு நம் கையில் இருக்கலாமா? மக்கா வெற்றியின் போது கஅபாவின் மேல் ஏறி பாங்கு சொன்னவர், அடிமையாக இருந்த கறுப்பர் பிலால் (ரலி) அவர்கள். நிறத்தாலும் பிறப்பாலும் உயர்வில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) தம் இறுதிப் பேருரையில் முழங்கிச் சென்றார்கள். அந்த உம்மத்தா நாம்?

மூன்றாவது, தனியாக நிற்காதீர்கள். கசையடித் தண்டனை பெற்ற அந்த இருவரை நினையுங்கள். பிறப்பால் இழிவுபடுத்தப்பட்ட எவரும் நமக்கு அந்நியர் அல்லர். தலித் சகோதரனுக்கு வீடு மறுக்கப்பட்டால் ஜமாஅத் போய் நிற்கட்டும். நமக்கு மறுக்கப்படும்போது அவர்கள் வருவார்கள்.

வணிகப் பெருமக்களே! கடைப் பலகையில் உங்கள் பெயரை எழுதுங்கள். எடையும் நாணயமும் சரியாக இருந்தால் வாடிக்கையாளர் வருவார். இளைஞனே! தொலைபேசியில் உன் பெயரை முழுதாகச் சொல். பத்து வீடு மறுக்கலாம். மறுத்த பத்தையும் ஜமாஅத் நோட்டில் எழுது. பதினோராவது வீட்டுக்கும் அதே பெயரோடு போ!

கூனிய முதுகை நிமிர்த்தும் வலிமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக!