ஒரு நாள் பார்த்தால் போதுமா?



இரவு வானில் மின்னும் விண்மீன் நமக்கு வெறும் புள்ளி. பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் பெரும்பாலும் புள்ளிதான். ஆனால், அந்தப் புள்ளியின் முகத்தில் எங்கே கறுப்புத் திட்டு இருக்கிறது என்று விஞ்ஞானிகள் வரைபடமே போட்டுவிட்டார்கள்!

நம் சூரியனும் ஒரு விண்மீன்தான். அதன் மேற்பரப்பில் வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். சில இடங்களில் காந்த விசை மிக வலுவாக இருக்கும். அது உள்ளிருந்து வரும் வெப்பத்தைத் தடுத்துவிடும். வெப்பம் குறைந்த அந்த இடம்தான் கரும்புள்ளி. பெரிய வெடிப்புகள் பெரும்பாலும் அங்கிருந்தே கிளம்பும். 1989 மார்ச்சில் அப்படி வந்த காந்தப் புயலால், கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சுமார் 60 லட்சம் பேர் மின்சாரமின்றித் தவித்தனர். சூரியனின் குணத்தை நன்றாக அறிய, மற்ற விண்மீன்களையும் கவனிக்க வேண்டும்.

எப்படி? ரயில் நெருங்கி வரும்போது ஊதல் ஒலி உயர்ந்தும், விலகும்போது தணிந்தும் கேட்கும் அல்லவா? ஒளியும் அப்படித்தான். விண்மீன் சுழலும்போது ஒரு விளிம்பு நம்மை நோக்கி வரும். அதன் ஒளி நீலப் பக்கம் சற்றே நகரும். மறு விளிம்பு விலகும். அதன் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். ஒளியை நிறங்களாகப் பிரித்தால் நடுநடுவே கருங்கோடுகள் தெரியும். கரும்புள்ளி இருந்தால் கோட்டின் வடிவில் சிறு நெளிவு விழும். விண்மீன் சுழலச் சுழல, நெளிவும் நீலப் பக்கத்திலிருந்து சிவப்புப் பக்கம் போகும். பல இரவுப் பதிவுகளைக் கணினியில் சேர்த்தால் வரைபடம் தயார்!

எச்.டி. 12545 என்ற விண்மீன் ஒருமுறை சுழல 24 நாள் ஆகும். 1999இல் வெளியான அதன் வரைபடத்தில், சூரியனைவிடப் பெரிய கரும்புள்ளி இருந்தது! ஸ்பெயின் நாட்டின் டெனரீஃப் தீவிலுள்ள தானியங்கித் தொலைநோக்கி, 2006 முதல் 2012 வரை அதை விடாமல் கவனித்தது. 36 வரைபடங்கள் கிடைத்தன. புள்ளிகள் தோன்றுவதும் கரைவதும் புரிந்தது.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார்கள். விண்மீனுக்கு அது பொருந்தாது. மனிதருக்கும்தான்! வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவன் முதல் நாள் பேசாவிட்டால், 'உம்மணாமூஞ்சி' என்று முத்திரை குத்தாதீர்கள். கணக்கு இன்று புரியாவிட்டால், 'எனக்கு வராது' என்று நோட்டை மூடாதீர்கள். நாளையும் பாருங்கள், மறுநாளும் பாருங்கள்.

சூரியனை மட்டும் வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது. சரிதானே, செல்லங்களே?