லயத்துக்குள்ளும் சட்டம் செல்லட்டும்

பெரகல முதல் பதுளை வரையுள்ள தோட்டங்களில், பகலெல்லாம் கொழுந்தெடுத்த பெண் இரவிலே அடிபட்டால், 'குடும்ப விவகாரம்' என்று கூறிச் சமரசம் பேசி அனுப்புவது நெடுநாள் வழக்கம். இது தோட்டத்துக்கு மட்டும் உரிய இழிவன்று. 2019ஆம் ஆண்டின் அரசாங்கக் கணிப்பின்படி, இந்நாட்டில் ஐந்து பெண்களுள் ஒருவர் வாழ்க்கைத் துணையின் வன்முறைக்கு ஆளானவர்.

சட்டம் இல்லாமலில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸ் அதிகாரியோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். 1938 என்ற இலக்கத்தில் அரசாங்கத்தின் தொலைபேசி உதவியும் உண்டு.

ஆனால், ஒருநாட் சம்பளத்தை இழந்து, மலையிறங்கி, பஸ் ஏறிச் செல்பவளின் மொழியில் கேட்பார் வேண்டாமா? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அயலான் ஒருவன் மொழிபெயர்க்க நின்றால், எந்தப் பெண் தன் வேதனையை வாய்விட்டுச் சொல்வாள்?

தோட்ட வைத்திய நிலையங்களுக்குக் குறித்த நாளில் தமிழறிந்த பெண் உளவளத்துணையாளர் வருதல் வேண்டும். அவரைக் காணச் செல்பவளின் சம்பளம் வெட்டப்படலாகாது. தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு இதனையும் முன்வைக்கட்டும். வைத்தியரும் சட்டத்தரணியும் ஆசிரியரும் துணை நிற்கட்டும். சமரசம் என்ற பெயரால் அவளை மீண்டும் அடிப்பவனிடமே ஒப்படைப்பது நீதியாகாது!