கண்ணாடியில் அச்சான பெயருக்கா விலை?

முல்லார்ட் என்று பொறித்த புது வால்வு ஒன்றை இன்று ஒரு கிட்டார் கலைஞர் வாங்கினால், அது இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையிலிருந்து வந்திருக்காது. ரஷ்யாவின் சரத்தோவ் நகரத்திலிருந்து வந்திருக்கும். அமெரிக்காவில் பிறந்த டங்-சால் என்ற பெயரைத் தேடிப்போனாலும் சரத்தோவ்தான். லண்டனின் பழம்பெருமையான ஜெனலெக்ஸ் கோல்டு லயன் என்றாலும் சரத்தோவ்தான். எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸைத் தொடங்கிய மைக் மேத்யூஸின் நியூ சென்சார் நிறுவனம் இந்தப் பழைய பெயர்களை வாங்கி, தன் ரஷ்ய ஆலையில் செய்யும் வால்வுகளுக்குச் சூட்டி விற்கிறது. இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. ஆனாலும் 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு அறிவித்து, அத்தனை பெயர்களுக்கும் ஒரே மூச்சில் தட்டுப்பாடு வந்தபோதுதான் பலருக்கு இந்தச் சங்கதி உறைத்தது. பெயருக்குப் பெயர் குரல் மாறும் என்று நம்பிக் காசு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஆம்ப்ளிஃபயரின் டோனை வால்வு மாற்றிச் செதுக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: வால்வின் வகை எண், அது உட்காரும் இடம். பெயர் வரிசையின் கடைசியில் நிற்கட்டும்.

வால்வு ரேடியோவையும், கோயில் திருவிழாவில் சூடேறிய பிறகே பேசத் தொடங்கும் பழைய மைக்செட்டையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கண்ணாடிக் குப்பியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ரேடியோவும் மைக்செட்டும் டிரான்சிஸ்டருக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கிட்டார் உலகம் மட்டும் மாற மறுத்து, 'டியூப் ஆம்ப்' என்று கொண்டாடுகிறது. காரணம் எளியது. தாங்கும் அளவுக்கு மேல் வால்வை முடுக்கினால் அது ஒலியைச் சட்டென்று வெட்டாமல் மெல்ல மெல்ல நசுக்குகிறது. அந்த நசுங்கல்தான் புளூஸ், ராக் கிட்டாரின் கரகரப்பு. கிட்டாரிலிருந்து வரும் மெலிந்த மின்சமிக்ஞையை முதலில் வளர்த்துவிடுவது விரலளவே உள்ள பிரீஆம்ப் வால்வு. அமெரிக்கர்கள் 12ஏஎக்ஸ்7 என்பார்கள், ஐரோப்பியர்கள் ஈசிசி83 என்பார்கள், இரண்டும் ஒன்றே. ஒரே குப்பிக்குள் டிரயோடு எனப்படும் பெருக்கும் பகுதிகள் இரண்டு, அடியில் ஒன்பது ஊசி. ஸ்பீக்கரை இயக்கும் பெரிய பவர் வால்வை மாற்றினால் பயஸ், அதாவது அதன் ஓய்வுநிலை மின்னோட்டம், சரிபார்க்க வேண்டும். பிரீஆம்ப் வால்வுக்கு அந்த வேலை இல்லை. ஆம்ப்பை அணைத்து, ஆறவிட்டு, நேராக மேலே இழுத்து வேறொன்றைச் செருகினால் முடிந்தது. எல்லாரும் இதில் கைவைப்பதற்கும், இதைச் சுற்றி இத்தனை கதைகள் கிளம்புவதற்கும் அதுவே காரணம்.

அதே ஒன்பது ஊசி சாக்கெட்டில் உட்காரும் உறவினர்கள் பலர் உண்டு. 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கக் காரணி 100. 5751-க்கு 70, 12ஏடி7-க்கு 60, 12ஏஒய்7-க்கு 44, 12ஏயூ7-க்கு 20-க்கும் கீழே. இவை தயாரிப்பாளர்களின் தரவுத்தாளில் உள்ள எண்கள். சுற்றுக்குள் போனதும் இவை இப்படியே நிற்பதில்லை. பெரும்பாலான கிட்டார் ஆம்ப்களில் வால்வின் பிளேட்டுக்கு மேலே 1 லட்சம் ஓம் மின்தடை இருக்கும். அதோடு சேர்த்துக் கணக்கிட்டால் 12ஏஎக்ஸ்7 தருவது சுமார் 60 மடங்கு, 12ஏஒய்7 சுமார் 36 மடங்கு. 12ஏடி7 இன்னும் விசித்திரம். அது நிறைய மின்னோட்டம் குடித்து வேலை செய்யப் பிறந்தது. ஆனால் இந்தச் சுற்று அதைப் பட்டினி போடுகிறது. ஆகவே 60 என்ற எண்ணை நம்பிச் செருகியவருக்கு அதைவிட நன்றாகக் குறைந்த பெருக்கமே கிடைக்கும். எப்படி இருந்தாலும், வகை மாறும்போது கிடைப்பது அளந்து பார்க்கக்கூடிய, யார் காதுக்கும் எட்டும் மாற்றம். குழம்பில் எவ்வளவு புளி என்பதைப் போன்றது வகை. புளியை எந்தக் கடையில் வாங்கினோம் என்பதைப் போன்றது பிராண்டு.

இதற்கு வரலாறே ஒரு சோதனை நடத்திக் காட்டியிருக்கிறது. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் செய்த பாஸ்மேன் 5எஃப்6-ஏ ஆம்ப்பில் முதல் சாக்கெட்டில் இருந்தது 12ஏஒய்7. 1962-இல் மேற்கு லண்டன் ஹேன்வெல்லில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் மூவரும் அந்தச் சுற்றை ஏறக்குறைய அப்படியே எடுத்து ஜேடிஎம்45 ஆம்ப்பை உருவாக்கினார்கள். முதல் சாக்கெட்டில் அவர்கள் வைத்தது ஈசிசி83. தரவுத்தாள் கணக்கில் 2.3 மடங்கு, சுற்றுக்குள் சுமார் 1.7 மடங்கு கூடுதல் பெருக்கம், அதுவும் வாசலிலேயே. வால்யூம் குமிழை அதே இடத்தில் வைத்தாலும் பின்னால் உள்ள வால்வுகள் முன்கூட்டியே நசுங்கத் தொடங்கிவிடும். மார்ஷல் முரட்டுக் குரல் என்று பெயர் வாங்கியதில் இந்த ஒரு மாற்றத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் பங்கு மட்டுமே. பாஸ்மேனில் பின்புறம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர்கள். மார்ஷலில் மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலஸ்டியன்கள். டிரான்ஸ்ஃபார்மரும் வேறு. இன்று ஜேடிஎம்45 வைத்திருப்பவர் முதல் சாக்கெட்டில் 12ஏஒய்7-ஐச் செருகினால் ஆம்ப் சாதுவாகும், பாஸ்மேன் ஆகிவிடாது. வால்வால் எவ்வளவு முடியும், எங்கே முடியாது என்பதற்கு இந்த இரண்டு பெட்டிகளைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

வகைக்கு அடுத்தது இடம். முதல் சாக்கெட்டில் உள்ள வால்வு சேர்க்கும் இரைச்சலைப் பின்னால் உள்ள ஒவ்வொரு வால்வும் பெருக்கும். அதனால் நல்ல வால்வு எது கையில் இருந்தாலும் அது போக வேண்டிய இடம் அது. ஃபெண்டரின் 1960-களின் டீலக்ஸ் ரிவெர்ப் போன்ற ஆம்ப்களில் 12ஏடி7 இரண்டு இடங்களில் உட்கார்ந்திருக்கும். ஒன்று, எதிரொலி தரும் ரிவெர்ப் ஸ்பிரிங்கை அசைக்கும் வேலை. அதற்குப் பெருக்கத்தைவிட மின்னோட்டம் முக்கியம், அங்கே 12ஏஎக்ஸ்7 வைத்தால் ரிவெர்ப் நோஞ்சானாகிவிடும். மற்றொன்று, சமிக்ஞையை இரண்டாகப் பிரித்து பவர் வால்வுகளுக்கு அனுப்பும் ஃபேஸ் இன்வெர்ட்டர். இந்த இடத்துக்கென்று இரண்டு பாதியும் துல்லியமாகச் சமமான வால்வு என்று கூடுதல் விலைக்கு விற்பவர்கள் உண்டு. ஃபெண்டரின் வரைபடத்தைப் பார்த்தால் அங்கே ஒரு பக்கம் 82 ஆயிரம், மறுபக்கம் 1 லட்சம் ஓம் என்று மின்தடைகளே சமமாக இல்லை. சுற்றில் இயல்பாக வரும் ஏற்றத்தாழ்வை ஈடுகட்ட வடிவமைத்தவர்களே அப்படிப் போட்டார்கள். அந்த இடத்தில் வால்வின் கடைசிச் சதவீதச் சமநிலைக்குத் தனி விலை கொடுப்பது எனக்கு வீண்செலவாகவே படுகிறது.

இந்த இடத்தில் வாசிப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒரே 12ஏஎக்ஸ்7 வகையில் இரண்டு பிராண்டுகளை மாற்றிப் பார்த்தோம், எங்கள் காது பொய் சொல்லுமா என்பார்கள். காது பொய் சொல்லாது; ஆனால் எதைக் கேட்டது என்பதைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஒரே பெட்டியில் வந்த இரண்டு வால்வுகளின் பெருக்கம்கூட ஓரளவு வேறுபடுவது சாதாரணம். ஒன்று கொஞ்சம் சத்தமாக ஒலித்தால் அதற்கு அடிச்சுரம் கனமாகவும் மேல்சுரம் பளிச்சென்றும் தோன்றும். சத்தம் கூடும்போது இரு கோடியிலும் காதின் உணர்வு கூடுகிறது என்பதை பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே காட்டிவிட்டார்கள். போதாததற்கு, வால்வை மாற்ற ஆம்ப்பை அணைத்து, ஆறவைத்து, மறுபடி சூடேற்ற வேண்டும். இத்தனை நிமிட இடைவெளியில் முந்தைய ஒலியை நினைவில் பிடித்துவைப்பது லேசில்லை. பெட்டியில் அச்சான பெயர் மட்டும் கண்முன்னே நிற்கும். அதற்காகப் பிராண்டுக்குப் பிராண்டு வேறுபாடே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரே ஆலையிலும் நீளப் பிளேட், குட்டைப் பிளேட் என்று உள்கட்டு வேறான மாதிரிகள் உண்டு. நான்கைந்து கட்டமாகப் பெருக்கும், மெட்டல் இசைக்கான ஆம்ப்பில் சின்ன வேறுபாடும் வளர்ந்து கேட்கும். சத்தத்தைச் சமப்படுத்திக் கேட்டபிறகும் எஞ்சும் வேறுபாட்டுக்குக் காசு கொடுப்பதில் தப்பில்லை. அப்படிச் சமப்படுத்திக் கேட்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் என் சந்தேகம்.

வகையை மாற்றினாலும் சத்தம்தானே மாறுகிறது, டோன் எங்கே மாறுகிறது என்று மறுபக்கத்திலிருந்தும் கேட்கலாம். நியாயமான கேள்வி. 12ஏஎக்ஸ்7-க்குள் சமிக்ஞை நுழையும் கிரிட்டுக்கும் அது வெளியேறும் பிளேட்டுக்கும் நடுவே 1.7 பிகோஃபாரட் அளவு மின்தேக்கம் இருக்கிறது. வால்வு பெருக்குகிற மடங்குக்கு ஏற்ப அதுவும் பெருத்துத் தெரியும். 60 மடங்கு என்றால் 100 பிகோஃபாரட்டைத் தாண்டிவிடும். 10 லட்சம் ஓம் வால்யூம் கன்ட்ரோலுக்கு அடுத்து உள்ள வால்வில், கன்ட்ரோல் மின்கணக்கில் நடுவில் நிற்கும்போது, இது சுமார் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலியை மழுங்கடிக்கும். அதே இடத்தில் 12ஏயூ7 வந்தால் அந்த எல்லை கிட்டார் ஸ்பீக்கர் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஆக, பெருக்கம் குறையும்போது மேல்சுரம் சற்றுத் திறந்துகொள்கிறது. கரகரப்பு எப்போது தொடங்குகிறது என்பதோ பெரும்பாலும் பெருக்கத்தின் வேலை. கிட்டாரில் அதைத்தானே டோன் என்கிறோம்.

பழைய வால்வுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1950, 60-களின் ஆலைகள் ராணுவத்துக்கும் தொலைபேசிக்கும் லட்சக்கணக்கில் செய்தன. அவற்றின் கட்டுறுதியை யாரும் குறைசொல்ல முடியாது. ஒரு பழைய ரேடியோவிலிருந்து உண்மையான முல்லார்ட் கிடைத்தால் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அன்று தேறியதில் நல்லதெல்லாம் எப்போதோ விற்றுத் தீர்ந்துபோய், கைமாறிக் கைமாறி மிஞ்சியதுதான் இன்றைய சந்தைக்கு வருகிறது. பயன்படுத்தாத பழைய சரக்கு என்ற அடைமொழியைக் கண்ணால் சரிபார்க்க வழியில்லை. குப்பியின் உச்சியில் வெள்ளிப்பூச்சு பளபளவென்றிருந்தால் உள்ளே வெற்றிடம் பிழைத்திருக்கிறது, வெளுத்துப் பால்நிறமாகியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிவது அவ்வளவே. எஞ்சியதைக் காது சொல்லும். ஆம்ப் ஓடும்போது மரப்பென்சிலின் பின்முனையால் குப்பியை லேசாகத் தட்டினால், நல்ல வால்வு மெல்லிய டொக்கோடு நிறுத்திக்கொள்ளும். கெட்டுப்போனது மணிபோல ரீங்கரிக்கும், சமயத்தில் ஊளையே இடும். இந்தச் சோதனையைக் கடைக்காரரே செய்து, இரைச்சல் பார்த்துத் தரும் வால்வுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கேட்டால் கொடுக்கலாம். அது வேலைக்கான கூலி.

வீட்டு அறையில் 15 வாட் ஆம்ப்பை வைத்துக்கொண்டு, வால்யூமை 2-க்கு மேல் திருப்பினாலே கரகரக்கிறது என்று அலுத்துக்கொள்பவருக்குப் புகழ்பெற்ற பெயர்களில் நான்கு 12ஏஎக்ஸ்7 தேவைப்படாது. ஒரு 5751, ஒரு 12ஏஒய்7, ஒரு பென்சில், ஒரு மாலை நேரம் போதும். முதல் சாக்கெட்டில் 5751-ஐ வைத்துக் கேட்கட்டும், போதவில்லையென்றால் 12ஏஒய்7. குமிழ் 4-க்கோ 5-க்கோ நகர்ந்தும் ஒலி சுத்தமாக நின்றால் அந்த வால்வு அங்கேயே இருக்கட்டும். அப்போதும் குரல் பிடிக்கவில்லையென்றால் குறை ஸ்பீக்கரில் இருக்க வாய்ப்பு அதிகம். மிச்சப்பட்ட பணத்துக்கு அங்கே வேலை இருக்கிறது.