ஆடுறது நாம, ஆட்டம் யாருது?

கோவளத்துல எங்க சேரிப் பசங்களுக்குச் சாயந்தரம் பாடம் சொல்லித் தருகிறேன். பாடம் முடிந்ததும் ஒரே செல்போனைச் சுற்றி ஆறு தலை குனியும். லூடோ. ஒருநாள் எட்டிப் பார்த்த எங்க ஆயா, "இது தாயமாச்சேடா!" என்றாள். கரித்துண்டால் கட்டம் கிழித்து, ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையை உருட்டி ஆடியவள் அவள்.

ஆயா சொன்னது சரி. தாயமும் வடநாட்டுப் பச்சீசியும் ஒரே வம்சம். பச்சீசியைக் கொண்டுபோய் 1896ல் இங்கிலாந்தில் லூடோ என்று காப்புரிமை வாங்கினார்கள். 2016ல் மும்பைக் கம்பெனி ஒன்று அதை 'லூடோ கிங்' ஆக்கியது. ஆட்டம் இலவசம்தான். ஆனால் நடுநடுவே விளம்பரம். நம்ம பசங்க அதைப் பார்க்கிற நேரத்துக்கு விளம்பரக்காரன் காசு கொடுக்கிறான். காசு கம்பெனிக்கு. நேரமும் நெட் செலவும் நம்முடையது.

உப்பளத்தைத் தாண்டினால் கேளம்பாக்கம், அந்தாண்ட சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்கா. எங்க தெருப் பொம்பளைங்க வேன் ஏறிப் போகிறார்கள். கண்ணாடி துடைக்க, கக்கூஸ் கழுவ.

கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். அப்படியா? கல்யாண ஆப்பைத் திறந்து பாருங்கள். சாதிக்கு ஒரு கட்டம், உட்சாதிக்கு ஒரு கட்டம். அது தானா முளைச்சதா? யாரோ உட்கார்ந்து எழுதி வைத்தது. எழுதுற எடத்துல நாம இல்லை.

இது காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடி, 1994 அக்டோபர் 10ல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குச் செத்த மாவட்டம். நிலம் கேட்டால் பட்டா எங்கே என்பான். ஆப் செய்யப் பட்டா வேண்டாம். கோடாட் என்ற மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது. கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரே தடவை 25 டாலர். 2013ல் வியட்நாம்காரர் டாங் நுயென் தனியாளாக 'ஃப்ளாப்பி பேர்ட்' செய்தார். ஒரு குருவி, சில குழாய், தட்ட ஒரு விரல். உலகமே ஆடியது. ஜனங்க அதுக்கு அடிமையாவுறாங்கன்னு 2014ல் அவரே எடுத்துவிட்டார். விடுவதும் நிறுத்துவதும் செய்தவன் கையில்தான்.

சுலபம் என்று சொல்லவில்லை. இங்கிலீஷ் இடிக்கும். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒன்பது பசங்க காத்திருப்பார்கள். கூலிக்குப் போயிட்டு வர்ற பையனுக்குத் தூக்கம் வரும். அதனால்தான் சொல்கிறேன், தனித்தனியாக முடியாது. சங்கக் கூட்டத்துக்குப் பந்தல் போட வசூலிக்கிறோமே, அதே மாதிரி வசூலித்துச் சேரிக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்குவோம்.

நாங்கள் ஆரம்பித்துவிட்டோம். ஆயாவை உட்கார வைத்து விதியை நோட்டில் எழுதிக்கொண்டோம். தாயம் விழாமல் காய் இறங்காது. வெட்டினால் இன்னொரு தடவை உருட்டலாம். நடுவில் விளம்பரம் வராது. இது பசங்க சேர்த்த விதி.