ஏரிக்கு மாற்று நிலமா?

திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்கள் எட்டு லிங்கங்களை மறக்காமல் எண்ணுகிறார்கள். வழியில் எத்தனை குளங்கள், எத்தனை ஓடைகள் என்று எண்ணுகிறவர் மிகக் குறைவு. அக்கினித் தலம் என்று பெயர் பெற்ற ஊர்தான். ஆனால் அதை வாழ வைப்பது தண்ணீர். மலையில் பெய்யும் மழை சரிவில் இறங்கி, ஓடைகளில் கூடி, சமுத்திரம் ஏரி போன்ற ஏரிகளில் தங்குகிறது. ஏரி இருக்க வேண்டிய இடத்தைத் தீர்மானிப்பது சர்க்கார் அல்ல, நிலத்தின் சரிவு.

இந்தச் சிறு உண்மையைத்தான் 2023 ஏப்ரல் 21-ந் தேதி சட்டசபை நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்புச் சட்டம் மறந்துவிட்டது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டமொன்றின் நடுவே ஏரியோ ஓடையோ குறுக்கிட்டால், அரசு அதைச் 'சிறப்புத் திட்டம்' என்று அறிவித்து, நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்ளலாம். 2024 அக்டோபரில் சட்டம் அமலுக்கும் வந்துவிட்டது.

"நிபுணர் குழு இருக்கிறதே! மக்களின் ஆட்சேபங்களைக் கேட்போமே! நீரின் அளவு குறையாதே!" என்கிறார்கள். குழுவை நியமிப்பது யார்? அரசு. திட்டத்தை வரவேற்பது யார்? அதே அரசு. நீரின் அளவு மட்டுமா ஏரி? வரத்துக் கால்வாய், மதகு, கலங்கல், ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்ததல்லவா? ஓர் ஏரியின் கலங்கலில் வழிவது அடுத்த ஏரிக்கு வரத்து. வேறிடத்தில் அதே அளவு பள்ளம் தோண்டிவிட்டால், பழைய ஆயக்கட்டுக்கு யார் தண்ணீர் தருவது?

ஆட்சேபம் கேட்கும் அழகையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. செய்யாறு அருகே மேல்மாப் பகுதியில், வேறொரு சட்டத்தின் கீழ், சிப்காட் விரிவாக்கத்துக்காக 3,000 ஏக்கருக்கு மேல் எடுக்க முனைந்தபோது விவசாயிகள் எதிர்த்தார்கள். 2023 நவம்பரில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. அவர்களில் ஆறு பேர் மீது போட்டதைச் சில நாட்களிலேயே அரசு திரும்பப் பெற்றது. உழுகிறவனுக்கு அந்தச் சில நாட்களே போதிய பாடம்.

2024 டிசம்பர் 1-ந் தேதி, புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் மாண்டார்கள். அந்தச் சாவுக்கு இந்தச் சட்டம் காரணமல்ல. ஆனால் மலையிலிருந்து இறங்கும் வெள்ளத்துக்கு அரசாங்க அறிவிக்கையைப் படிக்கத் தெரியாது என்பதை அந்த இரவுக்குப் பிறகும் நாம் உணர வேண்டாமா?

தொழிற்சாலைகள் வரட்டும், வேலைகள் பெருகட்டும். ஏரியும் ஓடையும் மட்டும் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கட்டும். அதுவரையில், கிராம சபையின் சம்மதமின்றி ஒரு மதகுகூட இடம் மாறக் கூடாது.